ஸ்டெல்லாவின் கார்டில் இருந்த சொல்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் சீம்பால் கொண்டுவந்தாள். கருப்பட்டி சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு அவித்தது. மூடியைத் திறந்ததும் வாசனை எழுந்தது. "ரெட்டைக் கன்னு பெரியம்மா! ஒண்ணு காளை, ஒண்ணு கிடாரி. காளையை யாருக்காச்சும் தள்ளிவிட்டுட்டு கிடாரியை வெச்சுக்கலாம்னு இருக்கோம்" என்று அவள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அந்தக் கிடாரியை நம்பாதேம்மா. காளையோட சேந்து பொறந்த கிடாரி பெரும்பாலும் ஈனாது. டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணு" என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல நாளும் அதுவுமாக இப்படி வாய் வைப்பார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். சீம்பால் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

நீ போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் விளக்கேற்றி முருகன் முன்னால் நிற்கிறேன். கவசம் சொல்ல வாயெடுத்தால் பாதியில் உன் முகம் வந்து நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன், மறுபடி நிற்கிறது. கடவுளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. உன்னிடம் சொல்லாமல் அவர் கேட்பதாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், போய்ச் சேர விலாசம் இல்லாத கடிதம் என்று தெரிந்தும்.

உன் வீட்டுக்காரர் டோங்கியை, அந்தச் சின்ன மீன்படகை, எடுத்துக்கொண்டு போனவர் திரும்பாத அந்த ஆனி மாதத்தில், உனக்கு இருபத்தாறு வயதுகூட ஆகியிருக்காது. டோங்கி மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து மேட்டில் ஏறினால் எங்கள் வீடு, அதற்குக் கீழே, படகுக்காரர் கொடுத்திருந்த தகரக் குடிசையில் நீங்கள். ஆள் போன பிறகும் படகுக்காரர் உன்னைக் கிளப்பவில்லை. நீ மீன் காயப்போட்டுக்கொடுத்துக் காலத்தை ஓட்டினாய். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. இந்தத் தீவில் எத்தனை மாதம் மழை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மார்கழியில் எங்கள் செவலைப் பசு இரட்டை ஈன்றது. முதலில் காளை, கால்மணி நேரம் கழித்துக் கிடாரி. ஒரு வயிற்றில் இரண்டு என்றால் அது முருகன் கொடுத்ததென்றே நான் நம்பினேன். எங்கள் வீட்டுக்காரர் கிடாரியை வைத்துக்கொண்டு காளையைக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். கிடாரி உனக்கு என்று முதல் நாளே மனதில் முடிந்துவைத்துவிட்டேன். ஒரு விதவைக்கு மாடு கொடுக்கிறோம் என்ற பெருமையும் அதில் இருந்தது. இன்றைக்கு அதை மறைப்பானேன்?

வாரத்துக்கு மாடு வளர்ப்பது உங்கள் கடற்கரைப் பக்கம் வழக்கமில்லை. நான்தான் விளக்கினேன். கிடாரி எங்களுடையது, வளர்ப்பது நீ. முதல் ஈற்றுக் கன்றும் அந்த ஈற்றின் பால் முழுதும் வளர்த்தவளுக்கு. அதற்கடுத்த ஈற்றிலிருந்து ஆளுக்குப் பாதி. வளர்க்க முடியாமல் போனால் சொந்தக்காரர் வாசலில் கொண்டுவந்து கட்டிவிட வேண்டும். நீ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாய்.

"எக்கா, மீனுன்னா செதிலைப் பாத்து வயசு சொல்லிருவேன். இதுக்கு எதைப் பாக்கணும்?"

"பல்லைப் பாக்கணும்ளா."

"கடிச்சிட்டுன்னா?"

"மேல்வாயில முன்பல்லே கிடையாது. எதை வெச்சுக் கடிக்கும்?"

"ஆத்தாடி, பொக்கைவாய்ப் பிள்ளையா!" என்று நீ சிரித்த சிரிப்பு, அவர் போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு.

நீ அதற்கு ஸ்டெல்லா என்று பேர் வைத்தாய். கடலில் வழிகாட்டும் நட்சத்திரம், மாதாவின் பேர் என்றாய். எங்கள் வீட்டுக்காரர் படகைப் பிடிக்க இறங்கிப் போகும்போது உன் குடிசையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "என்னம்மா, மாட்டுக்கு ஞானஸ்நானம் ஆயிட்டா? புதுநன்மை எப்போ?" நீயும் விடமாட்டாய். "உங்களுக்குத்தான் அண்ணாச்சி ஞானத்தகப்பன் வேலை. மோதிரம் எடுத்து வையுங்க!"

கயிற்றைப் பிடிக்கவே முதலில் உனக்குப் பயம். பிறகு நீ போடும் முடிச்சு படகுக்காரர் முடிச்சு. நீ கட்டினால் நீதான் அவிழ்க்க வேண்டும், நான் நகம் ஒடிய இழுப்பேன். உன் கையில் மீன் வாடை இருந்தால் ஸ்டெல்லா மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் என்று, புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தவிடு கரைப்பாய். புல் அறுக்கப் போய் அட்டை கடித்து ரத்தம் வடிய வருவாய். இரண்டரை வருஷத்தில் அது என்னமாய் வளர்ந்தது! எங்கள் செவலையைவிட ஒரு பிடி உயரம். நெஞ்சு அகலம், கழுத்துத் தடிப்பு, பார்த்தவர்கள் எல்லாம் வண்டிமாடு போல இருக்கிறதே என்றார்கள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

உன் வீட்டுக்காரரின் அண்ணன் முதல் கடிதம் போட்டது அப்போதுதான். உனக்கு எழுத்து வராது. நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆம்பிளை இல்லாத வீடு, அதுவும் கடல் தாண்டி, பிள்ளைகள் வளர்கிறார்கள், குடும்பத்துக்கு அவமானம், அடுத்த கப்பலில் வந்து சேர். அவர் வீட்டில் உனக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவருக்கு ஆறு பிள்ளைகள், படுத்த படுக்கையாய்த் தாய், உப்பளத்தில் கூலி. "அங்க போனா நான் ஆளில்லக்கா, வெறும் ரெண்டு கை" என்றாய். "இங்க நான் ஒருத்தி இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியும்." இங்கேயே இருக்க உனக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். ஸ்டெல்லா ஈன்றால் ஜெட்டி டீக்கடைகளுக்குப் பால் ஊற்றலாம். அப்போது பாதிக் கடையில் பவுடர் பால், அதுவும் கப்பல் தாமதமானால் கிடையாது. நீ சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன்: கொஞ்சம் பொறுங்கள், கிடாரி பருவத்துக்கு வரப்போகிறது.

அது வரவில்லை. நம் மாடுகள் காளைக்குக் கத்தினால் ஜெட்டிவரை கேட்கும். ஸ்டெல்லா ஒரு நாள்கூட அப்படிக் கத்தவில்லை. முளைகட்டிய கொள்ளு கொடுத்தோம். உப்பு வைத்தோம். நீ மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாய், நான் முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை ஒருபொழுது இருந்தேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல், விம்பர்லிகஞ்ச் பக்கம் காளை வைத்திருந்த வங்காளி தாதாவிடம் நாம் இருவரும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? காளை ஒருமுறை வந்து முகர்ந்தது. பிறகு திரும்பிப்போய்ப் புல் மேயத் தொடங்கிவிட்டது. தாதா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அரே தீதி, யே காய் நஹி ஹை. யே தோ சாது ஹை, சாது!" பசு இல்லையாம், சந்நியாசியாம். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். திரும்பி நடக்கும் வழியெல்லாம் அதன் கழுத்தைத் தடவி, "சாதுவா நீ? சாமியாரம்மாவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். இவள் இன்னும் குழந்தை, அதுதான் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இனி எழுதப்போவதுதான் இத்தனை வருஷமாக நான் எழுதாதது.

மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருந்த ஸ்டாக்மேன் தடுப்பூசி போட வந்த அன்று நீ மீன் காயப்போடும் வேலையாகத் துறையில் இருந்தாய். ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தெலுங்குக்காரர், வாய் ஓயாமல் பேசுவார். ஊசி போட்டுவிட்டு மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. "இஸ்கே சாத் பைல் பைதா ஹுவா தா க்யா?" என்று கேட்டார். ஆமாம், கூடப் பிறந்தது காளைதான் என்றேன். "டாக்டர் சாப் ஒருநாள் பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டுக்கார்டில் ஊசித் தேதிக்குக் கீழே ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதி அடிக்கோடு இட்டுக் கொடுத்தார். நீ வந்ததும் கார்டை உன்னிடம் தந்தேன்.

"என்னக்கா எழுதியிருக்காவ?"

"புதுச் சொல்லா இருக்குளா. அகராதியில பாத்துச் சொல்லுதேன்."

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம், அதுவும் தமிழ். ஆங்கிலம் முழுக்க இங்கே வந்தபிறகு தீப்பெட்டியிலும் பால்டின்னிலும் கப்பல் நோட்டீசிலும் நானாகப் படித்தது. அபர்டீன் பஜாரில் பழைய சாமான் கடையில் வாங்கிய அகராதி ஒன்று, முன் அட்டை போனது, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்வது. அதில்தான் பார்த்தேன். ஃப்ரீமார்ட்டின். அதற்கு எதிரே: காளைக் கன்றுடன் இரட்டையாகப் பிறந்த, முழுமை பெறாத, பெரும்பாலும் 'ஸ்டெரைல்' ஆன பெண் கன்று. ஸ்டெரைல் எனக்குத் தெரியாத சொல். அதைத் தேடிப் போனேன். அங்கே 'பாரன்' என்று இன்னொரு ஆங்கிலச் சொல் இருந்தது. அதையும் தேடிப் போனேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, சொல்லுக்குள் சொல்லாக நுழைந்து, கடைசியில் என் மனதுக்குள் தமிழில் மலடு என்று வந்து நின்றபோது அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பே அணைந்துவிட்டிருந்தது.

அன்றன்றைக்கு நடப்பதை எழுதிவைக்கும் நோட்டு ஒன்று என்னிடம் உண்டே, பசு சினையான தேதி, கப்பல் வந்த தேதி, மழை பிடித்த தேதி எல்லாம். அன்றைய பக்கத்தில் "மாட்டுக்கு ஊசி போட்டார்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. மறுநாள் நீ தண்ணீர்க் குழாயடியில் கேட்டாய்: "அந்தச் சொல்லு என்னக்கா?"

"ஊசிக்குப் பேருதான்" என்றேன்.

உனக்கு நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். ஒன்றே போதுமாக இருந்தது. நீ அந்தக் கார்டை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தாய்.

ஏன் சொல்லவில்லை? நான் கொடுத்த மாடு. என் பெருமைக்காக, வீட்டுக்காரர் சொன்னதைக் கேளாமல், உன் தலையில் நான் கட்டிய மாடு. ஈனாத உருப்படி என்று தெரிந்தே தள்ளிவிட்டாள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். இன்னொன்றும் இருந்தது. அகராதியில் 'பெரும்பாலும்' என்று இருந்தது அல்லவா? அப்படியென்றால் எப்போதாவது ஒன்று தப்பும். அந்தத் தப்பும் ஒன்று நம் ஸ்டெல்லாவாக இருக்கட்டும் என்று முருகன் காலைப் பிடித்தேன். செவ்வாயோடு வெள்ளியும் ஒருபொழுது இருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் தொங்கினேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சாமியிடம் சொல்லிவிட்டு, ஏதோ கடமையை முடித்தவள்போல இறங்கிவந்து உன்னோடு புல்லறுக்கப் போனேன்.

அந்தப் பத்து மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. முதலாவது, அண்ணனின் இரண்டாவது கடிதம். நீ பதில் சொன்னாய், நான் எழுதினேன். "கிடாரி இந்த வருஷம் கட்டாயம் ஈனும் என்று எழுதுக்கா. 'கட்டாயம்' போட்டுட்டியா?" என்றாய். போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவதுதான் பெரியது. போர்ட் பிளேரில் ஒரு மடத்திலிருந்து சிஸ்டர் ஒருவர் உன்னைத் தேடி வந்தார். சமையலுக்கு ஆள் வேண்டும், தங்க ஓர் அறை, பிள்ளைகள் இரண்டுக்கும் அங்கேயே படிப்பு. அந்த வாரமே வர வேண்டும். மாட்டைக் கொண்டுபோக முடியாது. நீ அவரை உட்காரவைத்துவிட்டு மேடேறி ஓடிவந்தாய். மூச்சு வாங்க என் அடுக்களை வாசலில் நின்றாய்.

"எக்கா, நீ சொல்லு. போகவா, இருக்கவா? ஈனப்போற மாட்டை விட்டுட்டுப் போனா அது பாவம் இல்லையா? இங்க இருந்தா நம்ம சொந்தப் பாலு, சொந்தப் பொழப்பு. அங்க போனா சிஸ்டர் சொன்னபடிதான். ஆனா பிள்ளைங்க படிப்பு இருக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல. நீ எது சொன்னாலும் செய்யுதேன்."

ஒரே ஒரு வார்த்தை. போ. அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். நீ போயிருப்பாய். நான் அம்மியில் இருந்த மசாலாவை வழித்துக்கொண்டே, "உனக்கு எது நல்லதோ அதை மாதாவே காட்டுவா" என்றேன். சாமியின் பேரைச் சொல்லி இப்படிக்கூட ஒளிந்துகொள்ளலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பிறகு முகம் தெளிந்து, "அப்ப இருக்கேன்க்கா. மாதா இந்தப் பொக்கைவாய்ச்சியைக் கொடுத்தது சும்மாவா?" என்று இறங்கிப் போனாய். அடுத்த வாரம் அந்த வேலைக்கு வேறு ஒருத்தி போனாள்.

டாக்டர் வந்தது அதற்கு நாலு மாதம் கழித்து. மலையாளி, நல்ல மனிதர். ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் பின்னால் இருந்த திடலில் நின்றது. நீ ஸ்டெல்லாவைக் குளிப்பாட்டி, நெற்றியில் என்னிடம் மஞ்சள் வாங்கிப் பூசி, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாய். அவர் பார்த்தார். பிறகு கார்டை வாங்கிப் பார்த்தார்.

"இது கார்டிலே எழுதியிருக்கல்லோ. போன வருஷமே. ஆரும் வாசிச்சில்லே?"

"ஊசிப் பேருதானே சார்?"

"ஊசியோ? அல்லம்மா. இது பிரசவிக்கில்லா. உள்ளில் கர்ப்பப்பை சரியில்லா. காளையோடு பிறந்ததல்லே? எத்தனை வைத்தியம் செய்தாலும் பிரயோஜனம் இல்லா."

யாரோ பின்னால் சிரித்தார்கள். யாரோ, "மூணு வருஷமா புல்லு போட்டாளே பாவி மகள்" என்றார்கள். நீ அழவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடினாய். நம் மேட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

நீ மாட்டைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாய்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்போ?"

"எழுதின அன்னைக்கே."

நீ கயிற்றைக் கையில் சுற்றினாய், அவிழ்த்தாய், மறுபடி சுற்றினாய். "லெட்டர்ல கட்டாயம்னு போட்டியே, அதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"முன்னால."

அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அது வராமல் இருக்க அந்த நிமிஷத்தில் முருகனை வேண்டினேன். அப்போதும்!

"சிஸ்டர் வந்தாவளே?"

"அதுக்கும் முன்னாலதான்."

நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். கடற்கரைப் பெண், உனக்குத் திட்டத் தெரியாதா? தலையை மட்டும் ஆட்டினாய், மீன் விலை ஒத்துக்கொண்டவள்போல. பிறகு ஸ்டெல்லாவை ஓட்டிக்கொண்டு நடந்தாய். பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஓடின. நான் திடலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் செவலைக்கு முறை வந்து கூப்பிட்டபோதுதான் எனக்குக் கால் அசைந்தது.

மடத்துக்கு நானே போனேன். படகேறி, சாத்தாமில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் அந்த சிஸ்டர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இடம் இல்லை என்றார். அபர்டீன் பஜாரில் கடை கடையாக ஏறி, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். பிள்ளைகள் இல்லாமல் என்றால் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டுச் சார்ப்பில் வந்து இரு என்று உன் வாசலில் நின்று கெஞ்சினேன். நீ மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வேண்டாம்க்கா" என்றாய். அந்த 'அக்கா'வை நீ விட்டுவிடவில்லை என்பது என்னைக் கொன்றது. பதினைந்து நாளில் அண்ணனின் மூன்றாவது கடிதம், கப்பல் சீட்டுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்று. அதை வாசிக்க நீ என்னிடம் வரவில்லை. டீக்கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாய்.

புறப்படும் அன்று காலை ஸ்டெல்லாவை எங்கள் வாசலில் கொண்டுவந்து கட்டினாய். கறிக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தும் நீ கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வாரத்து மாடு, சொந்தக்காரி வாசலில் விட வேண்டும், நான் சொல்லிக்கொடுத்த வழக்கம். "தவிட்டை ரொம்பக் கெட்டியாக் கரைச்சா தின்னாது" என்றாய். அவ்வளவுதான். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. சின்னவள் அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அலறினாள். பெரியவள் அவளைப் பிரித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்டெல்லா பதினோரு வருஷம் எங்களிடம் இருந்தது. பால் தரவில்லை. வங்காளி தாதா உழவுக்குக் கேட்டார், கொடுத்தேன், நன்றாக உழுதது. போன வருஷம் மழைக்கு முன்னால் படுத்தது, எழவில்லை. புதைத்த இடத்தில் எனக்குத் தெரிந்த மந்திரமும் சொன்னேன், உன்னிடம் கேட்டுக்கேட்டுப் பதிந்துபோன மாதா செபமும் சொன்னேன், தப்பும் தவறுமாக.

ஃப்ரீமார்ட்டின் என்ற அந்தச் சொல்லையும் நான் விடவில்லை. போர்ட் பிளேர் நூலகத்தில் பெரிய அகராதி ஒன்று இருக்கிறது, தூக்கவே இரண்டு கை வேண்டும். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கண்டுபிடித்தால் ஏதோ குறையும் என்று ஒரு நினைப்பு. சீமையில் முந்நூறு வருஷமாக எழுத்தில் இருக்கிறதாம். முன்பாதி, சினைப்படாத பசுவுக்கு இருந்த ஏதோ பழைய சொல்லின் தேய்வாக இருக்கலாம் என்கிறார்கள். பின்பாதி, அயர்லாந்துப் பக்கத்துப் பேச்சில் கறிக்காகக் கொழுக்கவைத்த மாட்டைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாமாம். இல்லை, குளிர்காலத்துக்கு முன் மாடுகளை வெட்டும் நாள் உங்கள் வேதத்துப் புனிதர் ஒருவரின் திருநாளாம், அவர் பேராகவும் இருக்கலாமாம். எல்லாம் இருக்கலாம்தான். கடைசியில், மூலம் நிச்சயமில்லை என்று முடித்திருந்தார்கள். நூலகத்து மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

பேர் தெரியாத யாரோ ஒரு குடியானவன், உன்னைப்போல வருஷக்கணக்காகப் புல் போட்டுக் காத்திருந்து, ஏமாந்து, அடுத்தவளாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்று அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறான். எங்கள் கரிசல் காட்டிலும் இதற்கு ஒரு பேர் இருந்திருக்கும். கப்பல் ஏறும்போது நாங்கள் கொண்டுவராமல் விட்டவற்றில் அதுவும் சேர்ந்துபோயிற்று. ஆனால் அந்தச் சீமைச் சொல் வந்துவிட்டதே! அத்தனை கடல் தாண்டி, ஒரு தெலுங்குக்காரர் பேனாவில் ஏறி, உன் குடிசைவரை வந்துவிட்டதே. குழாயடியில் நீயும் நானும் நின்ற இடைவெளி இரண்டு முழம்கூட இருக்காது. அதைத்தான் அது தாண்டவில்லை.

செய்தி எப்படி வந்தது என்று சொல்லவில்லையே. உன் சின்னவள் எழுதியிருக்கிறாள். கப்பல் தபாலில் ஓர் இன்லண்ட். உப்பளத்தில் கால் புண்ணாகி, அது ஆறாமலே நீ போய்விட்டதை எழுதியிருக்கிறாள். பெரியவளை அண்ணன் காட்டிய இடத்தில் கட்டிக்கொடுத்ததை எழுதியிருக்கிறாள். அவள் மட்டும் எப்படியோ ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டாளாம். அதன் பிறகு இப்படி எழுதியிருக்கிறாள், அப்படியே தருகிறேன்: "அம்மா உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் பெரியம்மா. தீவில் நமக்குச் சோறு போட்டது அவர்கள்தான் என்பார்கள். மாடு மலடாகிவிட்டது, அதனால்தான் திரும்பினோம் என்பார்கள். எனக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்குமா? கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் தங்கலாமா?"

பன்னிரண்டு வருஷம் நீ வாயைத் திறக்கவில்லை. உன் பிள்ளைகளிடம்கூட. உப்பு அள்ளிக்கொண்டு, புண்ணைக் கட்டிக்கொண்டு, என்னை அவர்களுக்குப் பெரியம்மாவாகவே வைத்திருந்திருக்கிறாய். திட்டித் தீர்த்திருந்தால்கூட நான் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பேன். எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே வைக்காமல் போயிருக்கிறாயே.

எங்கள் வீட்டுக்காரரிடம் இன்லண்டைக் காட்டினேன். இரண்டுமுறை வாசித்தார். "செத்தவளே மூடி வெச்சதை நீ எதுக்குட்டி தெறக்குதே? பிள்ளை வரட்டும். நல்லா வெச்சுக்குவோம். அதுதான் அவளுக்குச் செய்யுத கைம்மாறு" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உன் ஜாடையில் ஒருத்தி இந்த வீட்டில் நடமாடினால், என் கையால் சோறு தின்றால், அன்று நீ இருந்திருக்க வேண்டிய தீவில் உன் பிள்ளையாவது இருந்தால். வா மகளே என்று இரண்டு வரி போதும். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

நாளைக் கப்பலுக்குத் தபால் கட்டிவிடுவார்கள். மத்தியானம் உட்கார்ந்தேன். நலம், நலமறிய ஆவல் என்றுதான் எத்தனையோ பேருக்கு, உனக்காகவும், கடிதம் தொடங்கியிருக்கிறேன். இன்று அதை இரண்டாவது வரிக்குத் தள்ளிவிட்டேன். முதல் வரியில், "உன் அம்மா இங்கேயே இருந்திருக்கலாம், அந்த மாடு ஈனாது என்று எனக்கு முன்பே தெரியும், நான் சொல்லவில்லை" என்று எழுதினேன். வா என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அறை இருக்கிறது என்று எழுதினேன். ஒட்டிக் கொண்டுபோய் ஜெட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உனக்கு இதை எழுதுகிறேன்.